ஒரு டஜன் நண்பர்களுக்காக

கம்ப்யூட்டர் பாஷைகளிலும் கருவிகளிலும் உள்ள பழைய பிழைகள் ஏன் திருத்தப்படுவதில்லை? அதற்கு விலை கொடுப்பவர்கள் யார்?

பழைய மகாபலிபுரம் சாலையின் இருமருங்கிலும் நிற்கும் கண்ணாடிக் கட்டடங்களில் எதிலும், எந்த வாரத்திலும், இரவு பத்து மணிக்கு மேல் காணக்கூடிய காட்சி இது. கடைசி கேபும் புறப்பட்டுவிட்டது; பாதி விளக்குகளை அணைத்தாகிவிட்டது; உத்தியோகத்தில் சேர்ந்து சில மாதங்களே ஆன இளைஞர் ஒருவர் மட்டும் திரையை உற்றுப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். பத்தாவது வரியில் ‘மிஸ்ஸிங் செபரேட்டர்’ என்று யந்திரம் சொல்கிறது. சொல்லிவிட்டு ‘ஸ்டாப்’ என்று முடித்துக்கொள்கிறது. பத்தாவது வரிக்கும் ஒன்பதாவது வரிக்கும் கண்ணுக்குத் தெரிந்த வித்தியாசம் யாதொன்றுமில்லை. ஒன்பதாவதைப் பார்த்துத்தான் பத்தாவதை எழுதினார். வரியை அழித்து மறுபடி எழுதுகிறார், யந்திரம் அதையே சொல்கிறது. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுத் திரும்பப் போடுகிறார், அதையே சொல்கிறது. மிஷின் டீ ஒன்று குடித்துவிட்டு வந்து பார்க்கிறார், டீயினாலும் பிரயோஜனமில்லை. கடைசியில் பின்வரிசையிலிருந்து சீனியர் எழுந்து வந்து, தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, “அங்க ஸ்பேஸ் இருக்கு பாரு, டேப் இருக்கணும்ப்பா” என்று சொல்லி, ஒன்றிரண்டு விசைகளைத் தட்டிவிட்டுப் போகிறார். வேலை ஓடுகிறது. சில ஸ்பேஸ்களும் ஒரு டேப்பும் திரையில் ஒரே அகலமாகத் தோன்றலாம். ‘மேக்’ என்னும் கருவிக்கு மட்டும் அவை வேறு வேறு.

அந்த இரவைத் தின்றது தம்முடைய அறியாமை என்றெண்ணி அந்த இளைஞர் வெட்கப்படக்கூடும். மறுநாள் காலையில் மேலதிகாரியும் அவ்விதமே அபிப்பிராயப்படக்கூடும். வாஸ்தவத்திலோ, அவர் பிறப்பதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்னால், அமெரிக்காவில், வேறொருவர் தம் நண்பர்களிடம் காட்டிய தாட்சண்யத்தின் விளைவு அது.

முர்ரே ஹில்லில் ஒரு தாட்சண்யம்

நியூ ஜெர்ஸி மாகாணத்தில் முர்ரே ஹில் என்னுமிடத்திலுள்ள பெல் ஆராய்ச்சிக்கூடத்தில், யூனிக்ஸும் ஸி என்னும் பாஷையும் வளர்ந்துகொண்டிருந்த நாட்களில், 1976-ஆம் வருஷம், ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் என்பவர் மேக்கை எழுதினார். பல ஃபைல்களாகச் சிதறிக் கிடக்கும் ஒரு புரோகிராமில் எந்த ஃபைல் மாறியிருக்கிறதோ அதையும் அதைச் சார்ந்தவற்றையும் மட்டும் கண்டுபிடித்து மறுபடி கம்பைல் செய்வது அதன் வேலை. எல்லாவற்றையும் திரும்பத் திரும்பக் கம்பைல் செய்து பொழுதைப் போக்கிக்கொண்டிருந்தவர்களுக்கு அது வரப்பிரசாதமாக வாய்த்தது, 2003-இல் ஏ.ஸி.எம். என்னும் கணினி அறிஞர் சங்கம் அதற்காகவே அவருக்கு விருதளித்தது.

விதிகளை வாசிக்கும் பகுதியை எழுதும்போது, ‘லெக்ஸ்’ என்ற புதிய கருவியைக் கையாண்டு பார்க்கும் ஆசையில் சிக்கலில் மாட்டிக்கொண்ட ஃபெல்ட்மன், கடைசியில், வரியின் முதலில் டேப் இருந்தால் அது கட்டளை என்று சுலபமான ஏற்பாடு ஒன்றைச் செய்துகொண்டார். அது நல்ல ஏற்பாடல்ல என்பது சில வாரங்களிலேயே விளங்கிவிட்டது. ஆனால் அதற்குள் மேக்கை உபயோகிப்பவர்கள் சுமார் ஒரு டஜன் பேர் சேர்ந்துவிட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் நண்பர்கள். அவர்கள் எழுதிவைத்ததையெல்லாம் கெடுக்க மனம் வராமல் அப்படியே விட்டுவிட்டார். பிற்காலத்தில் இதை அவரே ஒளிவுமறைவின்றிச் சொல்லியிருக்கிறார்.

அவரை நான் குறைகூற மாட்டேன். அடுத்தவர் வேலையைக் கெடுக்கத் தயங்குவது மனிதருக்கு நல்ல லக்ஷணந்தான். சங்கடம் எங்கே இருக்கிறதென்றால், கண்ணெதிரே இருந்த பன்னிரண்டு பேருக்கு முகம் இருந்தது, குரல் இருந்தது, சாப்பாட்டு மேஜையில் பக்கத்து நாற்காலி இருந்தது. இனி வரப்போகும் லட்சக்கணக்கானவர்களுக்கு அவை ஒன்றுமே இல்லை. மென்பொருள் உலகின் அன்றாட அவஸ்தைகளில் பாதிக்கு மேல், என் அபிப்பிராயத்தில், இந்த ஓர் அநீதியின் வெவ்வேறு வேஷங்களே: ஆரம்பத்தில் சிலரைச் சிரமப்படுத்த விரும்பாத தயவு, பிற்பாடு பலரின் தலையில் நிரந்தர வரியாக இறங்குகிறது.

பத்து நாள் பாஷை

1995 மே மாதத்தில் நெட்ஸ்கேப் கம்பெனியில் பிரெண்டன் ஐக் என்பவர், மேலிடத்தின் அவசரத்துக்கு உட்பட்டு, பத்தே நாளில் ஒரு பாஷையின் முதல் உருவத்தைச் செய்து முடித்தார். ஜாவாஸ்கிரிப்ட் என்று பெயர்பெற்ற அதுதான் இன்று நீங்கள் ரயில் டிக்கெட் எடுக்கும் பக்கத்திலும் பாங்குக் கணக்கைப் பார்க்கும் பக்கத்திலும் ஓடிக்கொண்டிருக்கிறது. பத்து நாளில் இத்தனை செய்தது அசாத்திய சாமர்த்தியம். பத்து நாளில் செய்ததனால் நேர்ந்த விசித்திரங்களும் அதில் நிலைத்துவிட்டன. 10, 9, 1 என்ற மூன்று எண்களைக் கொடுத்து வரிசைப்படுத்தச் சொன்னால், அவற்றை எண்களாகக் கொள்ளாமல் எழுத்துக்களாகக் கொண்டு, 1, 10, 9 என்று அது அடுக்கிக் கொடுக்கும். எழுத்தாக இருக்கும் ‘1’-உடன் எண்ணாகிய 1-ஐக் கூட்டினால் 11 என்னும். அதே எழுத்திலிருந்து 1-ஐக் கழித்தால் பூஜ்யம் என்னும். ‘ஒன்றுமில்லை’ என்பதைக் குறிக்கும் ‘நல்’ எந்த இனத்தைச் சேர்ந்தது என்று கேட்டால், அது ஒரு பொருள் என்று பதில் சொல்லும்.

கடைசியாகச் சொன்னது பிழையென்பதை யாரும் மறுக்கவில்லை. திருத்துவதற்கு யோசனையும் வந்தது. திருத்தினால் ஏற்கெனவே உள்ள வலைத்தளங்களில் எத்தனை உடையுமோ என்ற பயத்தினால் அது கைவிடப்பட்டது. 2018-இல் நடந்தது இன்னும் ரசமானது. அடுக்கடுக்கான பட்டியல்களை ஒரே தளமாக்கும் வசதி ஒன்றைப் பாஷையில் சேர்த்து, அதற்கு இயற்கையாக ‘ஃப்ளாட்டன்’ என்று பெயர் சூட்ட முனைந்தார்கள். ஆனால் மூடூல்ஸ் என்ற, ஒரு காலத்தில் பல தளங்களில் புழங்கி அநேகமாக மறக்கப்பட்டுவிட்ட பழைய புரோகிராம் நூலகம் ஒன்று அதே பெயரைத் தன் உபயோகத்துக்கு முன்பே எடுத்துக்கொண்டிருந்தது. புதிய பெயர் வந்தால் அந்தப் பழைய பக்கங்கள் கெட்டுப்போகும் என்று தெரிந்தது. பெயர் ‘ஃப்ளாட்’ என்று சுருங்கிற்று. கைவிடப்பட்ட வீடுகளுக்காகச் சாலையை வளைத்துப் போடுவதுபோல் இந்தப் பாஷை வளர்ந்து வருகிறது.

> பெட்டிச் செய்தி: பழைய கணக்குகள்
>
> 1965: ‘ஆல்கால் டபிள்யூ’ பாஷையில் ‘நல்’ என்னும் வெற்றுக் குறிப்பை டோனி ஹோர் சேர்த்தார், சேர்ப்பது மிகச் சுலபமாக இருந்ததே காரணம் என்றார். 2009-இல் லண்டனில் பேசும்போது, அது நூறு கோடி டாலர் தவறு என்று தம்மைத் தாமே கடிந்துகொண்டார்.
>
> 1900: இவ்வருஷம் லீப் வருஷமல்ல. லோட்டஸ் 1-2-3 என்னும் கணக்குத்தாள் மென்பொருள் அதை லீப் வருஷம் என்று தவறாகக் கணக்கிட்டது. அதன் கணக்குகளோடு ஒத்துப்போகும்பொருட்டு எக்செலும் அவ்வாறே கணக்கிட்டது. எக்செலில் 1900 பிப்ரவரி 29 இன்றும் இருக்கிறது.
>
> 2005: லினஸ் டோர்வால்ட்ஸ் ஏப்ரல் மாதத்தில் எழுதத் தொடங்கிய ‘கிட்’ என்னும் பதிப்புக் காப்புக் கருவியில், ‘செக்அவுட்’ என்ற ஒரே கட்டளை சம்பந்தமில்லாத பல காரியங்களைச் செய்தது. 2019-இல் அதை ‘ஸ்விட்ச்’, ‘ரெஸ்டோர்’ என்று பிரித்தார்கள். பழைய கட்டளையையும் எடுக்கவில்லை.

மரபணுக்கள் பெயர் மாற்றிக்கொண்ட கதை

இவையெல்லாம் புரோகிராமர்களின் குடும்பத் தகராறுகள், நமக்கென்ன என்று வாசகர் நினைத்தால், எக்செலைத் திறந்து பார்க்கலாம். உலகத்தில் மிக அதிகமானோர், தாம் புரோகிராம் எழுதுகிறோம் என்பதை அறியாமலே புரோகிராம் எழுதும் கருவி அதுதான். தொலைபேசி எண்ணின் முன்னாலுள்ள பூஜ்யம் மாயமாக மறைவதையும், பதினாறு இலக்க அட்டை எண்ணின் கடைசி இலக்கம் பூஜ்யமாக மாறிவிடுவதையும் காணாத குமாஸ்தா இருக்க முடியாது. பதினைந்து இலக்கங்களுக்கு மேல் அது ஞாபகத்தில் வைத்துக்கொள்வதில்லை. எழுதப்பட்டது எண்ணா, தேதியா, பெயரா என்று கேட்காமல், தானாகவே ஊகித்து மாற்றிவிடுவது அதன் சுபாவம்.

இந்தச் சுபாவம் உயிரியலுக்குச் செய்த கெடுதி சாமானியமானதல்ல. மனிதனின் மரபணுக்களில் சிலவற்றுக்கு ‘செப்ட்1’, ‘மார்ச்1’ என்ற வகையில் சுருக்கப் பெயர்கள் இருந்தன. ஆராய்ச்சியாளர் இவற்றை எக்செலில் இட்டதும், முதலாவது செப்டம்பர் மாதத் தேதியாகவும் இரண்டாவது மார்ச் மாதத் தேதியாகவும் மாறிவிட்டன. மாறியதைக் கவனியாமல் கட்டுரையுடன் இணைத்துப் பிரசுரித்தும் விட்டார்கள். 2004-லேயே ஒரு கட்டுரை இதைப் பற்றி எச்சரித்தது. 2016-இல் மெல்பர்னிலிருந்து வெளிவந்த ஓர் ஆய்வு, மரபணுப் பட்டியல்களை எக்செல் ஃபைல்களாக இணைத்துப் பிரசுரமான கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருப்பதாகக் கண்டது.

இதற்கு என்ன பரிகாரம் செய்தார்கள்? மென்பொருளைத் திருத்தியிருப்பார்கள் என்று நினைப்பது இயல்பு. மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் பொறுப்பை வகிக்கும் சர்வதேசக் குழு, 2020-இல், மரபணுக்களின் பெயர்களை மாற்றிற்று! ‘செப்ட்1’ இப்போது ‘செப்டின்1’. ‘மார்ச்1’ இப்போது ‘மார்ச்எஃப்1’. மைக்ரோசாஃப்ட் தன் பங்குக்கு, தானாக மாற்றுவதை வேண்டாதவர் நிறுத்திக்கொள்ளலாம் என்ற வசதியை 2023-இல் அளித்தது. விஞ்ஞானம் ஒரு கணக்குத் தாளுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்ற இந்தச் சம்பவத்தைப்போல நம் காலத்தின் அதிகார வரிசையைத் தெளிவாகக் காட்டுவது வேறெதுவும் எனக்குத் தெரியவில்லை.

முறித்துப் பார்த்தவர்கள்

தாட்சண்யமின்றிப் பழையதை முறித்துவிட்டால் என்ன ஆகும்? பைதான் பாஷையை நிர்மாணித்த கிடோ வான் ரோஸமும் அவருடைய சகாக்களும் அதைச் செய்து பார்த்தார்கள். 2008 டிசம்பர் 3 அன்று வெளிவந்த பைதான் 3, தெரிந்தே, மனமாரவே, பைதான் 2-உடன் ஒத்துப்போகாததாக அமைக்கப்பட்டது. ‘பிரிண்ட்’ என்று எழுதிவந்த எளிய வரிகூடப் புதியதில் பிழையாயிற்று. மக்கள் சில ஆண்டுகளில் மாறிவிடுவார்கள் என்று எதிர்பார்த்தார்கள், மக்கள் மாறவில்லை. தங்கள் புரோகிராம் சார்ந்திருக்கும் நூலகங்கள் மாறட்டும் என்று இவர்கள் காத்திருக்க, உபயோகிப்பவர்கள் மாறட்டும் என்று நூலகங்களை எழுதியவர்கள் காத்திருந்தார்கள். பழையதற்கு 2015-உடன் ஆதரவு முடியும் என்றிருந்ததை 2020 ஜனவரி 1 வரை நீட்டிக்க வேண்டியதாயிற்று. பதினோரு ஆண்டுகள் ஒரே பாஷை இரண்டாகப் பிளந்து கிடந்தது. ஒரே வேலையை இரண்டு விதமாக எழுதிப் பராமரித்தவர்களின் சலிப்பை எந்தப் புள்ளிவிவரமும் சொல்லாது.

ஆயினும் அந்தப் பிளவு நியாயமானதென்றே நான் கருதுகிறேன்; அதற்குக் காரணம் தமிழனுக்கு விளங்கும். பைதான் 2-இல் சாதாரண எழுத்துத் தொடர் என்பது வெறும் பைட்டுகளின் தொடர். ஆங்கிலத்தில் எழுதும்வரை எல்லாம் சுகமாக ஓடும், தமிழோ பிரெஞ்சோ உள்ளே நுழைந்த மாத்திரத்தில், ஓடிக்கொண்டிருந்த புரோகிராம் ‘யூனிகோட் டீகோட் எரர்’ என்று கத்திவிட்டு விழும். பைதான் 3 எழுத்துத் தொடரையே, உலக லிபிகளுக்கெல்லாம் பொதுக் குறியீடான யூனிகோடாக ஆக்கிவிட்டது. ஆங்கிலேயருக்கும் அமெரிக்கருக்கும் ஆன சிரமத்தில் உலகத்தின் ஏனைய பாஷைக்காரர்களுக்கு ஒரு சௌகரியம் பிறந்தது.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழியை, 2015-இல் முதல் நிலையான வெளியீட்டைக் கண்ட ரஸ்ட் பாஷை கண்டுபிடித்திருக்கிறது. ஒவ்வொரு புரோகிராமும் தான் எந்த வருஷத்துப் பதிப்பின் விதிகளுக்கு உட்பட்டது என்பதைத் தானே அறிவித்துவிடலாம். பழையது பழைய விதியிலும் புதியது புதிய விதியிலும், ஒரே குடையின்கீழ், ஒன்றையொன்று கெடுக்காமல் ஓடும். ஃபெல்ட்மனுக்கு இந்த உபாயம் 1976-இல் தோன்றியிருந்தால் நமக்கு எத்தனையோ இரவுகள் மிஞ்சியிருக்கும்.

> பெட்டிச் செய்தி: நீலத் திரைக் கல்வி
>
> 1990-களின் தொடக்கத்தில் போர்லண்ட் கம்பெனி வெளியிட்ட டர்போ ஸி++ என்னும் கம்பைலர், நம் நாட்டுக் கல்லூரி ஆய்வுக்கூடங்கள் பலவற்றில் வெகுகாலம் கோலோச்சிற்று. புதிய கம்ப்யூட்டர்களில் ஓடாதென்று, ‘டாஸ்பாக்ஸ்’ என்னும் போலி டாஸுக்குள் வைத்து அதை ஓட்டினார்கள். ஸி++ பாஷைக்குச் சர்வதேசத் தரம் 1998-இல் ஏற்பட்டுவிட்டது, அதில் ‘அயோஸ்ட்ரீம்.ஹெச்’ இல்லை, ‘கிளியர் ஸ்கிரீன்’ கட்டளை எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. நாலு வருஷம் பயின்று தேறிய மாணவர், உத்தியோகத்தில் எழுதும் முதல் புரோகிராமின் முதல் வரியிலேயே பிழை காண்பது இதனால்தான்.

படிக்க முடியாத இடத்தில்

நேரம் விரயமாவதோடு போயிற்றென்றால் பொறுத்துக்கொள்ளலாம். கருவிகளின் சிக்கல் ஓர் எல்லையைக் கடந்ததும், மனிதர்கள் அவற்றைப் படிப்பதையே விட்டுவிடுகிறார்கள், படிக்காமல் நம்புகிறார்கள்.

2016 மார்ச் 22 அன்று, பெயர் உரிமை பற்றிய ஒரு தகராறில் கோபமுற்ற புரோகிராமர் ஒருவர், என்.பி.எம். என்னும் பொதுக் களஞ்சியத்திலிருந்து தம்முடைய படைப்புகள் அனைத்தையும் எடுத்துவிட்டார். அவற்றுள் ஒன்று ‘லெஃப்ட்-பேட்’. ஒரு சொல்லின் இடப்பக்கத்தில் இடைவெளி நிரப்பிக்கொடுக்கும் பதினோரு வரி. அதை நம்பியிருந்தவற்றை நம்பியிருந்தவையெல்லாம் உலகெங்கும் ஒருசேர நின்றன. சுமார் இரண்டு மணி நேரத்தில் களஞ்சியத்தார் அதைத் திரும்ப வைத்தார்கள். தாம் இதை நம்பியிருப்பதே அன்றுதான் தெரிந்தது பலருக்கு.

2024-இல் நடந்தது கோபமல்ல, சூழ்ச்சி. ‘எக்ஸ்.ஸெட்.’ என்னும் சுருக்கும் கருவி லினக்ஸ் இயந்திரங்கள் எங்கும் இருப்பது. அதை ஏறக்குறைய ஒற்றை ஆளாக ஒருவர் ஊதியமின்றிப் பராமரித்து வந்தார். அவர் களைத்திருந்த காலத்தில், புனைபெயரில் ஒருவர் வந்து, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பொறுமையாக உதவி செய்து, நம்பிக்கையைச் சம்பாதித்து, வெளியீடுகளைச் செய்யும் அதிகாரத்தையும் பெற்றார். பிறகு ரகசியக் கதவு ஒன்றை உள்ளே வைத்தார். அதைப் புரோகிராமின் மூலத்தில் பகிரங்கமாக எழுதவில்லை. ஒரு பாகத்தைச் சோதனைக்கென்று வைத்த ஃபைல்களுக்குள் ஒளித்தார்; அதை எடுத்துப் பொருத்தும் கட்டளையை, மேக்கின் சந்ததியாகிய பில்ட் கருவிகளின் ‘எம்4’ ஃபைல் ஒன்றில் வைத்தார். அந்த ஃபைல் பொதுவில் யாரும் பார்வையிடும் மூலக் களஞ்சியத்தில் இல்லை. இறக்கிக்கொள்ளும் பொட்டலத்தில் மட்டும் இருந்தது. அந்த ரகக் கருவிகள் ஆயிரக்கணக்கான வரிகளைத் தாமே எழுதித் தள்ளுபவை. வழக்கொழிந்த யூனிக்ஸ் இயந்திரங்களிலும் ஓடவேண்டுமே என்ற பழைய கரிசனம் வரிக்கு வரி படிந்தவை. எந்தப் புத்திசாலியும் அவற்றை உட்கார்ந்து வாசிப்பதில்லை. திருடன் அதை நன்கு அறிந்திருந்தான்.

கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்னும் எஞ்சினியர். தொலைதூர இயந்திரத்துள் நுழைவதற்கு வழக்கத்தைவிட அரை விநாடி அதிகமாவதைக் கவனித்து, அந்த அரை விநாடியை அலட்சியம் செய்யாமல் துருவி, 2024 மார்ச் 29 அன்று உலகத்துக்கு அறிவித்தார். அநேகமாக எல்லா லினக்ஸ் வெளியீடுகளிலும் அது பரவுவதற்குச் சிறிது முன்னதாக அகப்பட்டது.

தமிழ் எழுத்துக்கு நேர்ந்தது

இந்திய அரசு 1988-இல் ‘இஸ்கி’ என்று ஒரு குறியீட்டுத் தரத்தை வகுத்தபோது, நம் நாட்டு லிபிகள் அனைத்தையும் ஒரே சட்டத்தில் அமர்த்தியது; தேவநாகரியின் வரிசை அதற்கு ஆதாரம். 1991-இல் வெளிவந்த யூனிகோட் அதையே பின்பற்றிற்று. அதன் பலன், க-வுக்கும் ங-வுக்கும் நடுவே, தமிழில் இல்லாத மூன்று எழுத்துக்களுக்காக இன்றும் மூன்று நாற்காலிகள் காலியாகக் கிடக்கின்றன. தேவநாகரி வரிசையில் இடமில்லாத ன, ந-வின் பக்கத்திலும், ற, ர-வின் பக்கத்திலும் ஒண்டிக்கொண்டன. எண் வரிசைப்படி அடுக்கும் ஒரு சாதாரணப் புரோகிராமிடம் பெயர்ப் பட்டியலைக் கொடுத்தால், ‘மலை’க்கு முன்னால் ‘மறை’ வந்து நிற்கும். புள்ளியின் எண் க, ல முதலிய எழுத்துக்களின் எண்களுக்குப் பின்னால் வருவதால், ‘பக்கம்’ என்ற சொல் ‘பகல்’ என்ற சொல்லுக்குப் பின்னே தள்ளப்படும். பள்ளிக்கூடத்தில் க், க, கா என்று நாம் படித்த கிரமம் இயந்திரத்துக்குத் தெரியாது. தெரிவிப்பதற்குத் தனி நூலகம் வேண்டும். அதைச் சேர்க்கவேண்டும் என்பது புரோகிராமருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ‘கொ’ என்ற எழுத்தின் குறியை ஒரே எண்ணாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு எண்களாகவும் எழுதலாம். இரண்டும் திரையில் ஒன்றே, ஒப்பிட்டுப் பார்க்கும் இயந்திரத்துக்கு வெவ்வேறு. தமிழில் பெயரைத் தட்டித் தேடி, இல்லையென்ற பதிலைப் பெற்றவர் சிலருக்கு இதுவே காரணமாயிருக்கலாம்.

இதைத் திருத்த முடியாதா? ஒரு முறை இடம் தரப்பட்ட எழுத்து இனி இடம் மாறாது, நீக்கவும் படாது என்று யூனிகோட் 1996-இல் விதி செய்துவிட்டது; அவ்விதி இல்லையேல் நேற்று எழுதியதை நாளை படிக்க முடியாது. தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடுடன் கூட, எழுத்துக்கு ஓர் எண் என்ற கணக்கில் அமைந்த ‘டேஸ் 16’ குறியீட்டையும் ஏற்றுக்கொண்டது. இலக்கணத்துக்கு இசைந்த அமைப்புத்தான். ஆனால் அதற்குள் போன்களும் தேடுபொறிகளும் யூனிகோடிலேயே குடியேறிவிட்டன.

ஆகையால், ஏற்பாட்டை மாற்றாமல், எண்ணுகிற விதத்தை மாற்றும் முயற்சிகள் நடக்கின்றன. ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளம் என்ன என்று பழைய பைதானைக் கேட்டால், அது பைட்டுகளை எண்ணிப் பதினைந்து என்றது; புதிய பைதானும் ஜாவாஸ்கிரிப்டும் மெய்யையும் குறியையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணி ஐந்து என்கின்றன. ஆப்பிள் கம்பெனி 2014-இல் வெளியிட்ட ஸ்விஃப்ட், படிப்பவரின் கண்ணால் பார்த்து, மூன்று என்று சரியாகச் சொல்கிறது. ஜாவாஸ்கிரிப்டிலும் இதற்குத் தனி வசதி வந்துவிட்டது. ‘ஓப்பன் தமிழ்’ என்ற நூலகம் பைதானில் இந்த வேலையைச் செய்கிறது. ஆனால் ஸ்விஃப்டும் க்ஷகரத்தில் தடுமாறுகிறது. அதைக் ககர மெய்யாகவும் ஷகரமாகவும் பிரித்து எண்ணிவிடும். லக்ஷ்மி என்ற பெயரில் மூன்று எழுத்து என்று பெயர்ப்பொருத்தம் பார்க்கும் ஜோசியர் சொல்வார். ஸ்விஃப்ட் நாலு என்று சொல்லும்.